கார் ஷெட்டில் ஒரு விமானம்

அமெரிக்காவில் சில வீடுகளில் கார் வெளியே பனியில் நனைந்துகொண்டு நிற்கும். கார் ஷெட்டுக்குள் விமானத்தின் இறக்கை ஒன்று மரச் சட்டத்தில் சாய்ந்திருக்கும். சொந்தமாக விமானம் கட்டுகிறார்கள். ரிமோட்டில் பறக்கிற பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்து, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்து மாநிலத்துக்குப் போய், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீடு திரும்புகிற நிஜ விமானம்.

கேள்விப்படுகிறவர்களுக்கு உடனே இரண்டில் ஒன்று தோன்றும். "ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது" அல்லது "அடேயப்பா, என்ன மூளை!" இரண்டுமே சரியில்லை. இந்த வேலைக்குக் கிறுக்கும் வேண்டாம், பெரிய மூளையும் வேண்டாம். மூன்று நாள் உட்கார்ந்து செய்த பாகத்தில் ஒரு ஓட்டை கோணலாக விழுந்துவிட்டால், அதைத் தூக்கிக் குப்பையில் போடுகிற மனசு வேண்டும். அது எல்லோரிடமும் இருக்கிறதா என்பதுதான் இந்த விஷயத்தில் உண்மையான கேள்வி.

முதலில் கிட் என்றால் என்ன என்பதில் ஒரு குழப்பம். பெட்டியைப் பிரித்து, படத்தைப் பார்த்து, நாலு ஸ்க்ரூ முடுக்கினால் கட்டில் தயாராகிற மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஓரிகான் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வான்ஸ் ஏர்கிராஃப்ட்தான் இந்தத் தொழிலில் பெரிய பெயர். அவர்களுடைய ஆர்வி வரிசை விமானங்கள் இதுவரை 11 ஆயிரத்துக்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. அவர்களிடம் ஆர்டர் கொடுத்தால் முழு விமானமும் ஒரே நாளில் வந்து இறங்காது. பெரும்பாலும் முதலில் வால் பகுதி மட்டும் வாங்குவார்கள். அது முடிந்தால் இறக்கை, அப்புறம் உடல், கடைசியில் கண்ணாடி மூடி, சக்கரம் வகையறா. எஞ்சின், புரொப்பல்லர், கருவிகள், பெயின்ட் எதுவும் இதில் சேர்த்தி இல்லை. தனியாக வாங்க வேண்டும். எஞ்சினும் கருவிகளும் சேர்ந்தால் கிட்டின் விலையைத் தாண்டிவிடுவது சர்வ சாதாரணம்.

(வாலை முதலில் விற்பது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. வாலோடு ஆசை தீர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். செகண்ட்ஹேண்ட் சந்தையில் பாதி கட்டிய வால்கள் எப்போதும் கிடைக்கும்!)

சரி, அந்த வேலைதான் என்ன? அலுமினியத் தகடு. பல இடங்களில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதை உள்சட்டத்தின் மேல் வைத்து, க்ளெக்கோ என்கிற ஸ்பிரிங் ஊசிகளால் தற்காலிகமாகப் பிடிக்க வைக்க வேண்டும். ஓட்டைகளைச் சரியான அளவுக்கு ட்ரில் போட வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, ஒவ்வொரு ஓட்டையின் இரண்டு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும். தகட்டின் ஓரங்களை அரம் வைத்துத் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் வருடக்கணக்கான அதிர்வில் அது விரிசலாக வளரும். ரிவிட்டின் தலை தகட்டோடு சமமாக உட்கார ஒவ்வொரு ஓட்டையையும் சின்னக் குழியாக அழுத்த வேண்டும். துரு பிடிக்காமல் இருக்க ப்ரைமர் அடிக்க வேண்டும். திரும்ப மாட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் ரிவிட்.

ரிவிட் அடிக்கப் பல இடங்களில் இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிப்பார். உள்ளே இன்னொருவர் ரிவிட்டின் வால்பக்கம் இரும்புக் கட்டி ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த இன்னொருவர் அநேகமாக மனைவி, இல்லாவிட்டால் மகள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர். கட்டி கொஞ்சம் சாய்ந்தால் ரிவிட் ஒரு பக்கமாக வளைந்துவிடும். வளைந்த ரிவிட்டை ட்ரில் போட்டு எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது ஓட்டை கொஞ்சம் பெரிதாகும் அபாயம் உண்டு. ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு ரிவிட் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது இடம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அது குறைந்தால் அந்தப் பாகமே போச்சு.

இப்படி ஆயிரக்கணக்கான ரிவிட். இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு 1500 முதல் 2000 மணி நேரம் என்பது சாதாரணக் கணக்கு. வேலைக்குப் போய்விட்டு வந்து, வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று, நான்கு வருடம். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது தொடங்கிய விமானம், அது ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது பறக்கும். பறந்தால்!

இவ்வளவு பாடுபட்டால் காசு மிச்சமா என்று நம்மூர் ஆசாமி கேட்பார். மணிக்கணக்குப் பார்த்தால் மிச்சமே இல்லை. அதே காசுக்கு முப்பது வருடப் பழைய செஸ்னா ஒன்றை வாங்கிப் போட்டு மறுநாளே பறக்கலாம். "சொந்தமாகக் கட்டினால் மலிவு" என்று மனைவியிடம் சொல்கிறவர், மனைவியிடம் மட்டுமே சொல்கிறார். அவருக்கே தெரியும்.

அப்புறம் எதற்கு? இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு அழகான பதில் வைத்திருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியை, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் வேலையில் இறங்கிய ஆட்களே செய்து பொருத்தியிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதற்கு 51 சதவீத விதி என்று பெயர். அப்படிக் கட்டினால் 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவில் சான்றிதழ் கிடைக்கும். தொழிற்சாலை விமானங்களுக்கான தரவிதிகளை இது நிறைவு செய்யவில்லை என்ற எச்சரிக்கைப் பலகையைப் பயணி கண்ணில் படும்படி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட பகுதிக்குள்ளேயே சோதனைப் பறப்பு, பயணி கூடவே கூடாது. அதெல்லாம் முடிந்தால் பிள்ளைகுட்டியை ஏற்றிக்கொண்டு போகலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சட்டம் முதலில் கேட்பது "நீ இதைக் கட்டியதில் ஏதாவது கற்றுக்கொண்டாயா?" என்பதை. கட்டியதற்கு ஆதாரமாகப் படமும் குறிப்பேடும் காட்ட வேண்டும். கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் வருடாந்திரப் பரிசோதனையைத் தானே செய்துகொள்ளும் உரிமைச் சான்றிதழும் உண்டு. ஒவ்வொரு ரிவிட்டும் எங்கே இருக்கிறது, எது கொஞ்சம் சந்தேகம் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தானே! ஒரு அரசாங்கம் குடிமகனை இவ்வளவு தூரம் நம்பியது பெரிய விஷயம். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை அவன் கற்றுக்கொள்கிறான் என்பதுதான்.

இந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததில்லை. பிரேசில்காரரான சான்டோஸ் டூமோன் தன் 'டெமொய்செல்' விமானத்தின் வரைபடங்களுக்குக் காப்புரிமை கேட்காமல் விட்டுவிட்டார். 1910ல் ஒரு அமெரிக்க இயந்திரவியல் பத்திரிகையில் அவை வந்தன. 1930களில் ஃபிரான்ஸில் ஹென்றி மின்யே என்பவர் 'வானத்துப் பேன்' என்று ஒரு குட்டி விமானம் செய்தார் (இங்கிலாந்தில் அதைப் பறக்கும் தெள்ளுப்பூச்சி என்றார்கள்). தச்சு வேலை தெரிந்த யாரும் வீட்டில் செய்யலாம் என்று புத்தகமும் எழுதினார். 1935ல் இங்கிலாந்தில் அது ஒரு ஜுரமாகவே பரவியது. அப்புறம் வரிசையாகச் சாவு. முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு இறக்கைகள் ஒன்றின் காற்றை ஒன்று பாதித்து, மூக்கு கீழ்நோக்கிப் போய்விட்டால் எவ்வளவு இழுத்தாலும் மீளாது என்பது 1936ல் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. கட்டியவர்கள் கையில் குற்றமில்லை. ஒழுங்காகக் கட்டியவனும் செத்தான். வடிவமே தப்பு.

இன்றைய கிட் இந்த ஒரு கவலையைத் தீர்த்துவிட்டது. வடிவத்தை நிபுணர் கணக்குப் போட்டு, பறந்து பார்த்து, நூற்றுக்கணக்கில் விற்ற பிறகே உங்கள் ஷெட்டுக்கு வருகிறது. ஆனால் மற்றக் கவலைகள் அப்படியே இருக்கின்றன.

விமானப் பிரியர்களோடு பேசினால் "காரில் போவதைவிடப் பாதுகாப்பு" என்று எதையாவது அடித்துவிடுவார்கள். அதை நம்ப வேண்டாம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றியே தனியாக ஒரு ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டின் சிறுவிமானங்களில் இவை சுமார் 10 சதவீதம். ஆனால் 2011ல் நடந்த சிறுவிமான விபத்துகளில் 15 சதவீதம், உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளில் 21 சதவீதம் இவற்றினுடையவை. பத்தில் ஒரு பங்காக இருந்துகொண்டு சாவில் ஐந்தில் ஒரு பங்கு. இதைச் சப்பைக்கட்டு கட்டி மறைக்க முடியாது.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அந்த வருடம் விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கும் மேல், கட்டியவர் கையில் இல்லை. விலைக்கு வாங்கியவர் கையில் இருந்தன. அதாவது நாலு வருடம் உட்கார்ந்து தேய்த்தவன் வேறு, விழுந்தபோது உட்கார்ந்திருந்தவன் வேறு.

பாடகர் ஜான் டென்வரின் சாவு இதற்குக் கண்முன்னால் நிற்கிற உதாரணம். அவர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் மான்டெரே கடற்கரையோரம் விழுந்து இறந்தார். ஓட்டியது லாங்-ஈசி. பர்ட் ரூடான் வடிவமைத்தது. ரூடான் சாமானியப்பட்ட ஆள் இல்லை. 1986ல் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல் உலகத்தைச் சுற்றி வந்த 'வாயேஜர்' அவர் வடிவம்தான். டென்வரும் கற்றுக்குட்டி இல்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். ஆனால் இந்த விமானம் அவருக்குப் புதிது. வேறொருவர் கட்டியதைச் சமீபத்தில்தான் வாங்கியிருந்தார். முந்தைய நாள் அரைமணி நேரம்போலப் பழகியிருந்தார்.

லாங்-ஈசியில் இரண்டு பெட்ரோல் தொட்டிகள். ஒன்று தீர்ந்தால் மற்றதுக்கு மாற்ற ஒரு வால்வு. ரூடானின் வரைபடத்தில் அது விமானி கைக்கு எட்டும்படி முன்னால் இருக்கிறது. இந்த விமானத்தைக் கட்டியவர் பெட்ரோல் குழாயே உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்று நினைத்து, வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நல்ல எண்ணம்தான்! ஆனால் கைப்பிடியைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே முறுக்கித் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறியும் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் குழாயிலும் குறி இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து அதைப் பார்க்கவும் முடியாது. தொட்டியில் பெட்ரோல் குறைவு. அவர் திரும்பி வால்வைத் தேடியபோது கால் ரட்டர் பெடலை மிதித்துவிட்டிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. விசாரணை அவரையும் விட்டுவைக்கவில்லை. பழகாத விமானத்தில், போதுமான பெட்ரோல் இல்லாமல் கிளம்பியதையும் எழுதியது.

கட்டியவர் அதே விமானத்தில் பத்திரமாகப் பறந்திருப்பார். ஏனென்றால் வால்வு எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் உடம்புக்குத் தெரியும். 51 சதவீத விதி சொல்லும் "கல்வி" என்பது இதுதான். கட்டியவன் தலையிலும் கையிலும் இருக்கிற சரக்கு அது. விமானத்தை விற்கலாம். அந்தச் சரக்கை விற்க முடியாது. பரிசோதனைச் சான்றிதழ்கூட வாங்கியவருக்குக் கைமாறாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பறக்கிற உரிமை மட்டும் சாவியோடு கைமாறிவிடுகிறது. இது கோளாறான ஏற்பாடு. கட்டியவருக்கு 40 மணி நேரச் சோதனைக் காலம் வைக்கிற சட்டம், வாங்குகிறவருக்கு அதே ரக விமானத்தில் பழகியவரோடு பத்து மணி நேரமாவது பறந்தாக வேண்டும் என்று வைத்தால் என்ன குடி முழுகிப்போகும்? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இப்படிக் கேட்பதுண்டு. காசுக்காரன் கேட்பதைச் சட்டம் கேட்கத் தயங்குவது வேடிக்கை.

கட்டுகிறவர்கள் பக்கமும் ஒரு சறுக்கல் உண்டு. எல்லோருக்கும் அவசரம். கம்பெனியே பாதி கட்டிக்கொடுக்கும் 'குயிக் பில்ட்' கிட் வந்தது. உதவி மையங்கள் வந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த கிளாசேர் கம்பெனி 'டூ வீக்ஸ் டு டாக்சி' என்று ஒரு திட்டமே நடத்தியது. இரண்டு வாரம் அங்கே போய்த் தங்கினால், விமானம் தரையில் தானே உருண்டு போகிற நிலைக்கு வந்துவிடும். சட்டப்படி செல்லும்தான். ஆனாலும் காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டுகிற கூத்து பெருகி, 2008ல் அமெரிக்க விமானத்துறை புதிய கிட்களை மதிப்பிடுவதையே நிறுத்திவைத்து, 2009ல் விதிகளை இறுக்கியது. சரியான வேலை. இரண்டு வாரத்தில் ஒருவர் ட்ரில் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். தன் வேலையில் எது சந்தேகம் என்று தெரிந்துகொள்ள அது போதாது. அதற்கு ராத்திரி படுத்தபிறகு "அந்தப் பதினேழாவது ரிவிட் சரியாக உட்கார்ந்ததா?" என்று உறுத்தி, எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்க்கிற நாட்கள் வேண்டும்.

அந்த உறுத்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2023ல் தெரிந்தது. கொரோனா காலத்தில் ஆர்டர் குவிந்ததால், வான்ஸ் கம்பெனி சில பாகங்களின் ஓட்டைகளை வழக்கமான பஞ்சுக்குப் பதிலாக லேசரில் வெட்ட வெளியே கொடுத்திருந்தது. லேசர் தொடங்கி முடிகிற இடத்தில் ஓட்டையின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. குழி அழுத்தினால் அந்த இடத்தில் மயிரிழை விரிசல். உலகம் பூராவும் கார் ஷெட்டுகளில் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார்களும் பல் டாக்டர்களும் "இது என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கம்பெனி சோதனைகள் செய்து, பல இடங்களில் பாதகமில்லை, சில பாகங்களை மாற்றித் தருகிறோம் என்றது. ஆனால் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டி முடித்த இறக்கையைப் பிரித்தவர்கள் உண்டு. அந்தச் செலவும் மற்றச் சிக்கல்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கிட் விலையைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு போல ஏற்றி, பழைய ஆர்டர்காரர்களையும் புதிய விலைக்குச் சம்மதிக்க வைத்து, 2024ல் வெளியே வந்தது.

இதில் அநியாயம் உண்டு. முன்பணம் கட்டியவன் தலையில் கம்பெனியின் தப்பு விடிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உற்பத்திச் சங்கிலியின் கடைசியில் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆள் இருந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலைப் பார்த்திருப்பானா? பார்த்தாலும் சொல்லியிருப்பானா? அந்த இறக்கையில் தன் மகளை உட்கார வைக்கப்போகிறவன் பார்த்தான், சத்தம் போட்டான்.

அமெரிக்க முறையில் ஒரு குறை, அரசாங்கத்தின் ஆள் கடைசியில்தான் வருகிறார். எல்லாவற்றையும் மூடி ரிவிட் அடித்தபிறகு உள்ளே என்ன தெரியும்? 1953ல் பால் போபரெஸ்னி விஸ்கான்சினில் தொடங்கிய வீட்டு விமானச் சங்கம் அனுபவசாலிகளை நடுவில் அனுப்பிப் பார்க்கச் சொல்லி உதவுகிறது. ஆனால் அது விருப்பப்பட்டால்தான். பிரிட்டனில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனின் ஆய்வாளர் கட்டம் கட்டமாக வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். கட்டுகிறவனின் சுதந்திரம் இதனால் குறைந்துவிடவில்லை. மூடுவதற்கு முன்னால் இன்னொரு ஜோடிக் கண், அவ்வளவுதான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இதுதான் மேலான வழி.

இந்தியாவில்? மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். அது கிட்கூட இல்லை, முழுக்கச் சொந்த வேலை. 2016 பிப்ரவரியில் மும்பை 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை வைத்தபோது பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஆனால் பதிவெண் கிடைத்தது 2017 நவம்பரில். அதுவும் மாநில முதல்வர், பிரதமர் வரை விஷயம் போன பிறகு. அந்த எண்ணின் கடைசி மூன்று எழுத்து என்எம்டி. நரேந்திர மோதி, தேவேந்திர என்பதன் முதலெழுத்துகள். பறந்து பார்க்க அனுமதி 2019 அக்டோபரில். கண்காட்சியிலிருந்து அனுமதித் தாள் வரை மூன்றரை வருடத்துக்கு மேல்.

அவருக்கு உதவியவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் விமானம் கட்டியவர், அதன் வாலில் இரண்டு தலைவர்களின் முதலெழுத்தை நன்றியாக எழுதிக்கொள்ளும்படி ஒரு அனுமதி இருக்கக் கூடாது. எந்தக் கட்டத்தில் யார் வந்து பார்ப்பார், எத்தனை மணி நேரம் தனியாகப் பறக்க வேண்டும், எந்த ஊருக்கு மேலே பறக்கக் கூடாது என்று நாலு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால், அடுத்து மொட்டை மாடியில் ட்ரில் எடுப்பவர் முதல்வர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஷெட்டில் நின்றால் போதும். அங்கேயே நாலு வருட வேலை இருக்கிறது.